நான் சொன்ன சாண்டி கிறீக் வரலாறு

எங்கள் ஆட்களிடம் மைக்கைக் கொடுப்பது லேசு. திருப்பி வாங்குவதுதான் பாடு. ரொறன்ரோவில் எந்தக் கலியாண ஹோலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். "இரண்டே இரண்டு வார்த்தை பேசிவிட்டு இருக்கிறேன்" என்று எழும்புகிறவர், சூப் ஆறி, ஐஸ்கிரீம் உருகி, பின்வரிசைக் குழந்தைகள் கதிரையிலேயே நித்திரையாகும் வரைக்கும் நிற்பார். அப்படிப்பட்டவர்களைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். என் அக்காவின் மகள் மெலனியின் கலியாணத்தில் மைக் என் கைக்கு வரும் வரைக்கும்.

அன்றைக்கு நான் ஓர் ஊரின் வரலாற்றை அந்த ஊர்க்காரர்களுக்கே எடுத்துச் சொன்னேன். வெறும் வாயால் அல்ல, பெரிய திரையில் படம் போட்டுச் சொன்னேன். ஓரிடத்தில் குரல்கூடத் தழுதழுத்தது. ஒரேயொரு குறைதான்: அது வேறு ஊர்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லும்போது நான் இன்னும் மோசமாகத் தெரிகிறேன்.

நாட்டை விட்டு வெளிக்கிட்டதில் எங்கள் குடும்பம் இரண்டு திசைக்குப் போனது. நான் கனடாவுக்கு வந்து சேர்ந்தேன். றெஜி அக்காவும் அவருடைய கணவர் அன்ரன் அத்தானும் பல வருடம் கழித்து, மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். மூத்தவள் மெலனிக்கு அப்போது பள்ளிக்கூட வயது. முகாமிலிருந்து வெளியே விட்டதும், அத்தானுக்கு எங்கோ உள்நாட்டில் ஒரு பன்றிப் பண்ணையில் வேலை கிடைத்தது. அந்த ஊரின் பெயர்தான் சாண்டி கிறீக். மணல் ஓடை.

அங்கே நெவில் என்றொரு கோதுமை விவசாயி, தன் நிலத்தில் சும்மா கிடந்த பழைய வீட்டை இவர்களுக்குக் குடியிருக்கக் கொடுத்தார். அவருடைய மனைவி டொறீன், என் அக்காவுக்குக் கார் ஓடப் பழக்கினார். பழக்கிய இடம் அறுவடை முடிந்த வயல். முட்டுவதற்கு ஒன்றுமே இல்லாத அந்த வெளியில் அக்கா ஒரு தண்ணீர்த் தாங்கியைத் தேடிப் பிடித்து முட்டினார். டொறீன் இறங்கி, தாங்கியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லது, இனி இதைத் தவிர்த்து ஓடுவோம்" என்றாராம். மெலனிக்கு மூச்சிழுப்பு வந்தபோதெல்லாம், தூரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது நெவில்.

இதெல்லாம் அக்கா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அக்கா போன் எடுக்கும் நேரத்தில் நான் எப்போதும் 401 நெடுஞ்சாலையில் இருப்பேன். வேலை மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் கிடங்கில். வீடு ரூஜில். நகரத்தின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குப் போய்வருகிற சீவியம். அக்கா சொல்வதில் பாதி என் காதில் விழும். மிச்சத்தைப் பக்கத்து லேனில் போகிற லொறிகள் கொண்டுபோய்விடும். நான் நடுவில் "ஓமோம்", "அப்படியோ", "பாவங்கள்" என்று தூவிக்கொண்டிருப்பேன். (அக்காவும் தம்பியும் பாசமாகக் கதைக்கும் முறை இதுதான் என்று அந்த நாளில் நம்பியிருந்தேன்.)

மெலனி தாதிப் படிப்பு முடித்து, ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த டிலான் என்ற பெடியனை விரும்பினாள். கலியாணம் ரொறன்ரோவில் என்று முடிவானது. தாய்மாமன் என்ற முறையில் பெண் வீட்டுப் பொறுப்பு முழுக்க என் தலையில். மாப்பிள்ளையின் தகப்பன் ஞானம் அண்ணை ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிசன். ஆனால் அவர் கேட்கும் கேள்வி ஒவ்வொன்றும், குடிவரவு அதிகாரி கேட்பதுபோலவே இருக்கும்.

"பொம்பிளை வீடு அவுஸ்திரேலியா எண்டு சொன்னவை. சிட்னியோ, மெல்பேர்னோ?"

"ரெண்டும் இல்லை அண்ணை. சாண்டி கிறீக்."

"அது சிட்னியில எந்தப் பக்கம்?"

"சிட்னியில இல்லை அண்ணை. அது தனி ஊர். கமம் செய்யிற ஊர்."

ஞானம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க அப்பிடி என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு அண்ணை" என்றேன். (என்னென்ன என்று அவர் கேட்கவில்லை. கடவுள் இருக்கிறார்.)

அவர் போனபிறகு எனக்கு ரோசம் வந்துவிட்டது. என் அக்காவை வைத்துப் பார்த்த ஊரைப் பற்றி "என்ன இருக்கு" என்று கேட்கலாமா? அதோடு, நெவிலும் டொறீனும் கலியாணத்துக்கு வரப்போவதாக அக்கா சொல்லியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடல் தாண்டி, மெலனிக்காக வருகிறார்கள். அவர்களுக்கு ஹோல் நிறைந்த சனத்தின் முன்னால் நன்றி சொல்ல வேண்டும். நன்றியோடு நன்றியாக அந்த ஊரின் பெருமையையும் எடுத்துவிட்டால், ஞானம் அண்ணை வாயைப் பொத்திக்கொள்வார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் அனிஷாவைக் கூப்பிட்டு, கொம்பியூட்டரில் சாண்டி கிறீக்கின் வரலாற்றைத் தேடச் சொன்னேன்.

"அப்பா, விச் வன்? இங்க நிறைய சாண்டி கிறீக் வருது."

"முதல்ல வாறது எதுவோ, அதுதான். நல்லதைத்தான் முதல்ல போடுவாங்கள்."

"அப்பா, தட்ஸ் நொட் ஹவ் இட் வேர்க்ஸ்."

"நீ திற."

திறந்தாள். பச்சைப்பசேல் என்று கரும்புத் தோட்டங்கள். பிரதான வீதியில் வெள்ளம் பாய, சனம் தோணியில் போகிற பழைய படங்கள். மரத்தால் கட்டிய பென்னம்பெரிய ஹோட்டல். ஆற்றங்கரையில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலை. எனக்கு உடம்பு புல்லரித்தது. பாவம் அக்கா, இப்படியொரு ஊரிலா இருந்து சமாளித்திருக்கிறார்!

"மாமி எப்பவும் கோதுமை எண்டுதானே சொல்றவ? இது ஷுகர்கேன்" என்றாள் அனிஷா.

"கோதுமையும் ஒரு பக்கத்தில இருக்கும். அவுஸ்திரேலியா பெரிய நாடு."

"முதலை பற்றி அவ சொன்னதே இல்லை."

"அப்பம்மா பயப்பிடுவா எண்டு சொல்லாமல் விட்டிருப்பா."

இந்த விளக்கத்தில் எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இது அவருக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது என் திட்டம். அதிர்ச்சியைப் பொறுத்தவரையில் திட்டம் பலித்தது.

அவர்கள் வந்து இறங்கிய நாள். அக்காவைக் கட்டிப்பிடித்து அழுது முடிக்கவே வெகுநேரம் போனது. அக்கா குடும்பத்தையும் சூட்கேசுகளையும் என் மனைவி எங்கள் வான் வண்டியில் ஏற்றினாள். நெவிலும் டொறீனும் என் காரில் ஏறினார்கள். நெவில் ஒல்லியான, உயரமான மனிதர். கழுத்து வெயிலில் செங்கல் நிறமாகச் சிவந்திருந்தது. ஒரு கேள்வி கேட்டால், அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பதில் சொல்வார். (அவர் பேசிய ஆங்கிலத்தை எனக்கு விளங்கிய அளவில் தமிழில் தருகிறேன்.)

401இல் ஏறியதும் நான் என் ஆராய்ச்சியை மெல்ல எடுத்துவிட்டேன்.

"இந்த வருடம் கரும்பு எப்படி?"

நெவில் ஜன்னலால் வெளியே பார்த்தார். "எங்கள் பக்கம் கரும்பு அவ்வளவாக இல்லை."

"ஓ! மழை கூடிவிட்டதாக்கும்?"

"கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன்."

"முதலைகள்?"

இந்த முறை யோசனை நீளமாக இருந்தது. பின் இருக்கையில் டொறீனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"இந்த வருடம் பெரிதாகத் தொந்தரவு இல்லை" என்றார் நெவில்.

எவ்வளவு தன்னடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ரூஜ் பக்கத்துத் தெருக்களுக்குள் வந்ததும், எதிரே வந்த ஒவ்வொரு காருக்கும் அவர் ஒரு விரலை உயர்த்தினார். அது அவர்கள் ஊர் வழக்கமாம். எதிரே கார் வந்தால் அது தெரிந்தவராகத்தான் இருக்கும். எங்கள் தெருவில் நான் குடிவந்த நாளிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாத முன்வீட்டுக்காரர், கலியாணத்துக்கு முதல்நாள் நெவிலுக்குக் கை காட்டிவிட்டு என்னையும் பார்த்துச் சிரித்தார். அப்போதே எனக்கு ஏதாவது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நான் உரையைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

கலியாணம் காலையில் தேவாலயத்தில் அழகாக முடிந்தது. பின்னேரம் வரவேற்பு. ஹோல் நிறையச் சனம். முன்மேசையில் ஞானம் அண்ணை குடும்பம், பக்கத்தில் அக்காவும் அத்தானும், அடுத்து நெவிலும் டொறீனும். டொறீன், என் அக்காவின் சேலையொன்றை உடுத்திக்கொண்டு, ஆடினால் கழன்றுவிடும் என்ற பயத்தில் சிலைபோல இருந்தார். என் பெயரை அழைத்தார்கள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் போனேன்.

நெவிலுக்கும் டொறீனுக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தில் பேசினேன். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. சத்தியமாக. எங்கள் அக்காவுக்கு வீடு கொடுத்த கைகளுக்கு நன்றி என்று சொன்னேன். கைதட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் நான் இறங்கியிருந்தால், இன்றைக்கு எனக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

"இனி," என்றேன், "அந்த வீரம் செறிந்த சாண்டி கிறீக்கின் கதையைப் பார்ப்போம்."

அனிஷா பொத்தானைத் தட்டினாள். திரையில் கரும்புத் தோட்டம் விரிந்தது.

பரம்பரை பரம்பரையாக அந்தக் கரும்பைக் கையால் வெட்டிய மக்களைப் பற்றிச் சொன்னேன். அடுத்த படம் வெள்ளம். "வருடம் தவறாமல் வெள்ளம் வரும். வீதியில் தோணி ஓடும். அந்த வெள்ளத்தில் நின்றுதான் எங்கள் அக்கா பிள்ளைகளை வளர்த்தார்!" என்றேன். என் குரல் தழுதழுத்தது இந்த இடத்தில்தான். சபை "ஆ!" என்றது. அக்கா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். உணர்ச்சி தாங்காமல், இன்னும் சொல், இன்னும் சொல் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அத்தான் தட்டிலிருந்த கட்லட்டை உற்றுப் பார்த்தபடி இருந்தார். மெலனி மாப்பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். தோள்கள் குலுங்கின. பிறந்தகத்தை நினைத்து அழுகிறாள் பிள்ளை என்று எனக்கும் நெஞ்சு கனத்தது.

அடுத்தது முதலை. திரை முழுக்க வாய்.

ஞானம் அண்ணை கதிரையில் நிமிர்ந்தார். "உதென்ன, முதலையோ?" என்று அவர் கேட்டது மேடைக்கே கேட்டது. பக்கத்திலிருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு மதிப்புத் தெரிந்தது. "பிள்ளை, உதுக்குள்ளாலயோ நீங்கள் பள்ளிக்கூடம் போனனீங்கள்?"

அந்த நேரம் அக்கா எழும்பி, பட்டுச்சேலை சரசரக்க அனிஷாவிடம் போய், கொம்பியூட்டரைப் பட்டென்று மூடினார். திரை இருண்டது. மின்சாரக் கோளாறு என்று நினைத்தேன். இப்படியான சின்னத் தடங்கலுக்கெல்லாம் மனம் தளருகிறவனா நான்? ஞாபகத்திலிருந்து தொடர்ந்தேன். படம் இருந்தபோதாவது படத்தில் உள்ளதைச் சொன்னேன். படம் போனபிறகு என்னைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்கவில்லை. நெவிலின் தாத்தா கரும்பு வெட்டும் கத்தியோடு ஆற்றில் குதித்ததையும், முதலை பயந்து மறுகரைக்கு ஓடியதையும் அந்தச் சபை என் வாயால்தான் கேட்டது. எனக்கும் அது புதுச் செய்திதான்.

சபை எழும்பிக் கைதட்டியது. நான் நெவிலை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, "உங்கள் ஊரைப் பற்றி நீங்களும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டினேன்.

நெவில் பொன்னாடையைச் சரிசெய்தார். மைக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"மிகவும் நன்றி, ஜெறோம். நான் இரசித்துக் கேட்டேன். மிக அழகான ஊர்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. டொறீன்தான் முதலில் வெடித்தார். சேலை கழன்றாலும் பரவாயில்லை என்ற சிரிப்பு. அதற்குப் பிறகு மெலனி முகத்தைத் தூக்கினாள். அவள் அழவே இல்லை.

"அந்தச் சாண்டி கிறீக் வேறு மாநிலத்தில் இருக்கிறது" என்று நெவில் சபைக்கு விளக்கினார். "எங்களிடமிருந்து காரில் போனால் நாள்கணக்காகும். எங்கள் நாட்டில் மணலும் ஓடையும் சேர்ந்திருக்கிற இடத்துக்கெல்லாம் அந்தப் பெயர்தான். எங்கள் ஊரில் ஓடைகூட இல்லை. மணல் மட்டும்தான்."

ஹோல் சிரிப்பில் அதிர்ந்தது. நான் மேடையில் நிற்கிறேன். மைக் அவர் கையில். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டேன். அந்தக் கோட்டின் பொக்கற் தைத்து மூடியது. நிலம் பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. நிலம் மசியவில்லை. முன்வரிசையில் ஞானம் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. போச்சு, சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். (தாலி கட்டியாகிவிட்டது என்பது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை.)

ஞானம் அண்ணை எழும்பி நின்றார். ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்படியென்றால் உங்கள் ஊரில் என்னதான் இருக்கிறது?"

அதே கேள்வி. ஆனால் இந்த முறை அதில் இடக்கில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நெவில் அதையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பெரிதாக ஒன்றும் இல்லை. சொல்லவா?"

சொன்னார். முதலாம் உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய்களுக்கு அரசாங்கம் அங்கே நிலம் பிரித்துக் கொடுத்தது. அவருடைய தாத்தாவுக்குக் கிடைத்த துண்டில் இருந்தவை மரமும் முயலும். தாத்தா மரத்தை வெட்டி விதைத்தார். விதைத்ததை முயல் வெட்டியது. தாத்தா கத்தியோடு ஆற்றில் எல்லாம் குதிக்கவில்லை. முயலுக்கு வேலி போட்டே கிழவரானார். பிறகு கோதுமை ஏற்ற ரயில் வந்தது. ஊர் வளர்ந்தது. கோதுமை லொறியில் போகத் தொடங்கியதும் ரயில் நின்றது. வங்கியை மூடினார்கள். இறைச்சிக் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு மகனிடம் போனார். மழையும் தன் பாட்டில் போய்விட்டது.

"உதைபந்தாட்டத்துக்கு ஆள் போதாமல், தலைமுறை தலைமுறையாக நாங்கள் வெறுத்து வந்த பக்கத்து ஊரோடு ஒரே அணியாகச் சேர வேண்டி வந்தது. எங்கள் வரலாற்றில் அதைவிடத் துயரமான சம்பவம் இல்லை."

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அது பகிடி இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பள்ளிக்கூடத்தையும் மூடப்போகிறார்கள் என்று கதை வந்தது. ஒரு பள்ளிக்கூடம் போனால் ஊர் போய்விடும். அந்தக் கோடையில்தான் அன்ரனும் றெஜியும் ஒரு பழைய காரில் வந்து இறங்கினார்கள். பின்கதவு திறந்தது. ஒரு பிள்ளை இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று. எங்கள் தலைமை ஆசிரியை வீதியில் நின்று அழுதார். பள்ளிக்கூடம் தப்பியது. அன்ரன் தன் கூட்டாளிகளுக்குச் சொல்லி, பண்ணைக்கு இன்னும் இரண்டு குடும்பம் வந்தது. பள்ளிக்கூடம் இன்றைக்கும் திறந்திருக்கிறது."

பரிமாறுகிறவர்கள்கூடத் தட்டோடு நின்றார்கள்.

"ஒரு வருடம் அறுவடை நேரத்தில் நான் விழுந்து காலை முறித்துக்கொண்டேன். அன்ரன் பண்ணை வேலை முடிந்து வந்து என் கோதுமை லொறியை ஓட்டினார். அயலெல்லாம் உதவிக்கு வந்தது. எனக்காக வந்தார்கள் என்று நினைத்தேன். றெஜியின் கோழிக்கறிக்காக வந்தார்கள்." அவர் என் பக்கம் திரும்பினார். "நாங்கள் வீடு கொடுத்தோம் என்று ஜெறோம் நன்றி சொன்னார். அந்த வீடு வெறுமையாகக் கிடந்தது. எங்கள் சமையலறை ஜன்னலால் பார்த்தால் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும் என்று டொறீனுக்கு ஆசை. அவ்வளவுதான். நன்றி சொல்லத்தான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம். எங்களுக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டார்."

மைக்கை என்னிடம் தந்துவிட்டு இறங்கிப் போனார். அவர் பேசியது கொஞ்ச நேரம்தான். என் முதலை நின்ற நேரத்தில் பாதிகூட இராது.

ஞானம் அண்ணை தன் மேசையை விட்டு நேராக நெவிலிடம் போனார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முயலுக்கு வேலியை எவ்வளவு ஆழத்துக்குப் புதைத்தீர்கள்?" என்று தொடங்கினார். ஊரில் அவர் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பமாம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. இங்கே அவர் காப்புறுதி விற்கிறார். ஹோலைப் பூட்ட ஆட்கள் வரும்வரை அந்த இரண்டு பேரும் மேசைத்துணியில் கரண்டியால் கோடு இழுத்து, வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முதலையைக் காட்டி வாங்கப் பார்த்த மரியாதையை, நெவில் முயலைக் காட்டி வாங்கிவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், இத்தனை வருசமா போனில கதைக்கிறம். ஒரு நாள் எண்டாலும் எந்த மாநிலம் எண்டு கேட்டனியோ?"

"நீங்கள் சொல்லேல்லையே அக்கா."

"சொன்னனான். எத்தினை தரம் சொன்னனான். நீ ஓமோம் எண்டனீ."

"முதலை இல்லை எண்டு நீங்கள் சொல்லேல்லை."

"ஆரடா இல்லாததையெல்லாம் போனில சொல்லிக்கொண்டிருப்பினம்?" என்று கத்தினவர், பாதியில் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்துச் சிரித்துக் காரில் சாய்ந்தார். சின்ன வயதில் எங்கள் வீட்டில் கேட்ட அதே சிரிப்பு. போனில் அது ஒருநாளும் வந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பள்ளிக்கூடக் கதையை நெவில் அங்கிள் எங்களுக்கே சொன்னதில்லையடா. அந்த ரீச்சர் மனிசி ஏன் அழுதது எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். எங்களைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு அண்டைக்கு இரவு முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை."

என் உரையால் விளைந்த நன்மை என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். எனக்கு இது போதும்.

அடுத்த வருடம் நாங்கள் குடும்பமாகச் சாண்டி கிறீக்குக்குப் போனோம். சரியானதற்கு. (விமானச் சீட்டு எடுக்கும்போது அனிஷா என்னைக் கொம்பியூட்டருக்குப் பக்கத்திலேயே விடவில்லை.) ஒரேயொரு நீளமான வீதி. தானியம் சேமிக்கும் உயரமான சிலோக்கள். தகரக்கூரை போட்ட பள்ளிக்கூடம், வாசலில் ஒரு சறுக்கு மரம். அந்தத் தண்ணீர்த் தாங்கியையும் பார்த்தேன். நெளிவு அப்படியே இருக்கிறது. எங்களை வரவேற்க ஊர் மண்டபத்தில் விருந்து. எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாரும் என்றால் மண்டபத்தில் பாதிதான்.

டொறீன் எழும்பி, தூரத்திலிருந்து வந்த விருந்தாளிகளைக் கௌரவிக்க ரொறன்ரோவின் வரலாற்றைச் சொல்லப்போவதாக அறிவித்தார். திரை இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அமைதியான ஓர் ஏரி. கரையில் சில வீடுகள். பாய்மரப் படகுகள். "ரொறன்ரோ மக்கள் அமைதியானவர்கள்" என்றார் டொறீன். "அதிகாலையில் எழும்பிப் படகு ஓட்டுவார்கள். வீதிகளில் நெரிசல் என்பதே கிடையாது. பின்னேரங்களில் கரைக்கு வந்து பெலிகன் பறவைகளுக்கு மீன் போடுவார்கள்." பெலிகன்களின் பெரிய படம். எங்கள் ஏரிக்கரையில் பெலிகனை எங்கே பார்த்தேன் என்று நான் மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் கட்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவுஸ்திரேலியாவிலும் ஒரு ரொறன்ரோ இருக்கிறது. கனடாவின் பெயரை வைத்துக்கொண்ட ஓர் ஏரிக்கரை ஊர். ஊரே கூடி, மாதக்கணக்காகத் திட்டம் போட்டிருக்கிறது.

அந்த மண்டபத்தில் அன்று எழுந்த சிரிப்பில் என்னுடையதும் இருந்தது. ஒரு மனிதனை ஒரு முழு ஊரே சேர்ந்து நக்கலடிப்பது என்பது சும்மா கிடைக்கிற மரியாதை அல்ல. வேற்று ஆளுக்கு யாரும் இவ்வளவு மினக்கெட மாட்டார்கள்.

இப்போது அக்காவுக்குப் போன் எடுக்கும்போது நான் நெடுஞ்சாலையில் இருப்பதில்லை. வேலை முடிந்து, கிடங்கு வாசலில் காரை நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்திவிட்டுத்தான் எடுப்பேன். பிள்ளைகள், மருமகன், ஏன் ஞானம் அண்ணைகூட நான் போன் எடுத்தால் ஒரே பகிடியைத்தான் விடுகிறார்கள், அக்காவும் விதிவிலக்கல்ல.

"ஹலோ, ஆர்?"

"நான்தான் அக்கா, ரொறன்ரோவில இருந்து."

"எந்த ரொறன்ரோ?"

சிரித்து முடியும்வரை காத்திருப்பேன். பிறகு நான் கேட்பேன்: அங்கே மழை பெய்ததா, விதைப்பு முடிந்ததா, நெவிலின் கால் எப்படி, டொறீன் என்ன செய்கிறார். போன கிழமை அக்கா சொன்னார்:

"பெய்ததடா. நல்ல மழை. நெவில் அங்கிள் உள்ளுக்குள்ள வரமாட்டன் எண்டு வயலுக்க நிண்டு நனைஞ்சவர். டொறீன் அன்ரி கூப்பிட்டுப் பார்த்திட்டு, தானும் போய்ப் பக்கத்தில நிண்டிட்டா."

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன, நாங்களும் போய் நிண்டம்."